தினம் கால் மணி நேரம்... பீரோவில் கிடக்கும் காகிதங்களைப் பிரிக்கலாம்!

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதுதான் பல வீடுகளில் காகிதம் தேடும் படலம் தொடங்கும். பரண் மேல் இருக்கும் மஞ்சள் பை, பீரோவின் அடித்தட்டு, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகூட கிடைக்கும். தேடிய பாஸ் புத்தகம் மட்டும் கிடைக்காது.

ஒரே நாளில் பிரித்து முடிக்கலாம் என்று உட்காராதீர்கள். பாதியில் மோட்டாருக்கு கரன்ட் வரும், மாடு கத்தும். மொத்தமும் மறுபடி பைக்குள்தான் போகும். மாலையில் பால் கறந்த பிறகு கால் மணி நேரம், ஒரே ஒரு பை. அவ்வளவுதான். படிக்கிற பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் நிலப் பத்திரங்களை எடுங்கள். கிரயம், தாய்ப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில் இவற்றில் எதையும், எவ்வளவு கிழிந்திருந்தாலும் கழிக்கக் கூடாது. பதிவான பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். ஆனால் ஆவண எண்ணும் ஆண்டும் தெரியாவிட்டால் அதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. அசல் தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல் வேறு. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆவண எண், ஆண்டு, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பத்திரங்களை லேமினேஷன் செய்ய வேண்டாம். ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

எழுதும்போதே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். உழுவது பேரன், ஆனால் வெள்ள நிவாரணம், கடன் என்று போனால் பட்டாவில் அவர் பெயர் இருக்காது. அத்தை, பெரியப்பா எல்லாம் இருக்கும்போதே வாரிசுச் சான்று வாங்கி, பேசி முடித்துப் பெயர் மாற்றுவது சுலபம். அடுத்த தலைமுறைக்குப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஆகிவிடுவார்கள்.

இன்றைய பட்டாவை இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சமீபத்திய அச்சுப் பிரதி ஒன்று போதும். ஆனால் 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில அளவைக்கு முந்தைய பட்டா கிடைத்தால் பொக்கிஷமாக வையுங்கள். யு.டி.ஆரில் நேர்ந்த பெயர், பரப்புப் பிழைகளைத் திருத்தக் கோரும்போது அதுதான் பேசும்.

அடுத்த நாள் கடன் காகிதங்கள். கட்டி முடித்த கடனுக்கு நிலுவையில்லாச் சான்று இருக்கிறதா பாருங்கள். நிலத்தைப் பதிவு செய்து அடமானம் வைத்திருந்தால் அதன் ரத்தும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும்.

விதை வாங்கிய பில்லையும் குவியல் எண் உள்ள அட்டையையும் அறுவடை முடியும் வரை தொடாதீர்கள். முளைப்பு சரியில்லை என்று புகார் கொடுக்க அவைதான் ஆதாரம். உரக்கடையில் மிஷினில் வரும் வழுவழுப்பான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கழிக்கும் காகிதத்தில் ஆதார், வங்கிக் கணக்கு நகல்கள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் அடுப்பில் போடுங்கள். மீதமுள்ளவற்றைத் தகரப் பெட்டியில் வைத்து, தரையில் படாமல் உயரத்தில் ஏற்றிவிடுங்கள். கரையானும் மழைத் தண்ணீரும் தரையிலிருந்துதான் வரும். பெட்டிச் சாவி இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.