அம்மா கை படாத விமானம்

அமெரிக்காவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓரிகன் மாநிலம் மெக்மின்வில் விமான மியூசியத்தில் நடந்த மாடல் விமானப் போட்டியைப் பார்த்தோம். 1947ல் ஒரே தடவை பறந்த 'ஸ்ப்ரூஸ் கூஸ்' மர விமானம் அங்குதான் நிற்கிறது. இறக்கை 320 அடி! 72ல் ஒரு பங்காகச் செய்தாலும் நாலரை அடி வரும்.

போட்டியில் பெரிசுக்கோ விலைக்கோ மார்க் இல்லை. ஒட்டின இடம் தெரிகிறதா, இரண்டு இறக்கையும் ஒரே மட்டமா, பசை வழிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு. ஒரு பொடியன் விமானத்தில் சக்கரம் கோணல், பெயிண்டில் விரல் ரேகை. அம்மா கை படவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நம்ம வீடுகளில் ஸ்கூல் பிராஜக்ட் என்றால் ராத்திரி 11 மணிக்குத் தெர்மாகோல் வெட்டுவது யாராம்? பிள்ளை எப்பவோ தூங்கியிருக்கும்!

— ஒரு வாசகி, திருச்சி