காய்ச்சல் மருந்து: அளவு எடையிலிருந்து தொடங்கட்டும்

பெங்களூருவில் மழைக்காலம் தொடங்கினால், குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் காய்ச்சலும் வந்து சேர்கிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது நம் நினைவில் இருக்கும். பெற்றோர் இருவரும் அலுவலகத்தில் இருக்க, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிதான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். "காய்ச்சல் வந்தால் ஆறு மில்லி கொடுத்துவிடுங்கள், அத்தை" என்று மருமகள் தொலைபேசியில் சொல்கிறார். அல்சூரிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் அன்றாடம் கேட்கக்கூடிய இந்தப் பேச்சில் முக்கியமான ஒன்று விடுபட்டுள்ளது: எந்தப் புட்டியிலிருந்து ஆறு மில்லி?

ஒரே மருந்து, மூன்று புட்டிகள்

குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வலிக்கும் பெரும்பாலும் தரப்படுவது பாராசிட்டமால். நம் மருந்துக் கடைகளில் இது பல செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் மருந்து உண்டு. ஒருவகை சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம்.

மருத்துவர்கள் பின்பற்றும் அளவு, ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். சொட்டு மருந்தில் இது 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. சொட்டு மருந்திலிருந்து 6 மில்லி கொடுத்துவிட்டால் குழந்தையின் உடலில் 600 மில்லிகிராம் சேரும். அது நான்கு மடங்கு. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே, அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 2011-இல் குழந்தைகளுக்கான திரவ பாராசிட்டமாலை 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்கு மாற்ற முன்வந்தனர்.

வயது போதாது

இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரில் ஒருவர் 9 கிலோவும் மற்றவர் 13 கிலோவும் இருக்கலாம். எனவே எடையே கணக்கின் அடிப்படை. வீட்டில் எடைக்கருவி இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் நின்று, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் போதும்.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோ லேப்ஸ் தயாரிக்கும் டோலோ 650, கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமானது. அது பெரியவர்களுக்கான அளவு. அதில் பாதியை உடைத்தாலும் 325 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு உரியதைப்போல் இரு மடங்குக்கும் மேல். சமையலறைக் கரண்டியும் பாலாடையும் மருந்தளவைக் காட்டா. புட்டியுடன் வரும் அளவுக் கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துவோம்.

இரு வேளைகளுக்கு இடையே 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மிகாமை நலம். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்குமுன் அட்டையைப் படிக்க வேண்டும்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று வேறு மருந்துக்குத் தாவுவதும் ஆபத்தே. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்கு இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், நாமாக மருந்து தராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளவு மிகுந்துவிட்டால்

மிகுதியான பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். ஆனால் முதல் நாளில் குழந்தை வழக்கம்போல் விளையாடிக்கொண்டிருக்கக்கூடும். அதை நம்பிக் காத்திருப்பதே பெரும்பிழை. இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பலன் மிகுதி. புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும், ஆம்புலன்சுக்கு 108. பெங்களூருவில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் வாணி விலாஸ் மருத்துவமனையும் குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் அரசு நிறுவனங்கள். தவறு யாருடையது என்ற விசாரணை பிறகு நடக்கட்டும். பாட்டி அஞ்சி மறைக்காமல் உண்மையைச் சொல்லும் வீட்டில்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். மருந்துக்கும் அதே வழக்கத்தைக் கொள்வோம். குழந்தையின் எடை, எடை பார்த்த நாள், ஒரு வேளைக்கான மில்லிகிராம், புட்டியின் செறிவு, அதற்குரிய மில்லி ஆகியவற்றை மருத்துவரிடம் உறுதிசெய்து, தமிழில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்போம். மருந்து கொடுத்த நேரத்தையும் அதன் கீழே குறித்துவருவோம். அப்போது மருமகளின் தொலைபேசிப் பேச்சும் நிறைவுபெறும்: "125 சிரப்பில் ஆறு மில்லி, அத்தை. கடைசியாகக் காலை எட்டு மணிக்குக் கொடுத்திருக்கிறேன்."