உள்ளூர்க் குற்றமும் நாட்டுச் சட்டமும்

மலேசியாவில் மாநிலங்களுக்கெனத் தனிக் காவல் படை இல்லை. ஒரு குடியிருப்பில் நிகழும் மோட்டார் சைக்கிள் திருட்டையும், புக்கிட் அமானைத் தலைமையகமாகக் கொண்ட கூட்டரசுக் காவல் துறையே விசாரிக்கின்றது. இத்தகைய அமைப்பில், உள்ளூர்ச் சிக்கலுக்கும் நாடு தழுவிய சிறப்புச் சட்டத்தை நாடுவது எளிதாகிவிடுகின்றது.

1969 மே 13 கலவரத்தையடுத்துப் பிறப்பிக்கப்பட்ட, பொது ஒழுங்கு மற்றும் குற்றத் தடுப்புக்கான அவசரகாலச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும். சந்தேகத்திற்குரியவரைக் காவல் துறை 60 நாள் வரை தடுத்து வைக்கலாம். பின்னர் அமைச்சரின் ஆணையால் நீதிமன்ற விசாரணையின்றி ஈராண்டு வரை காவலில் வைக்கலாம். ஆணையைப் புதுப்பிக்கவும் இயலும். கலவரச் சூழலுக்கென வகுக்கப்பட்ட இச்சட்டம் நாளடைவில் குண்டர் கும்பல், வாகனத் திருட்டு முதலிய அன்றாடக் குற்றங்களுக்குப் பயன்பட்டது. சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமுக்கு மகனைக் காணச் சென்ற தாய்மாருள் நம் சமூகத்தார் பலர். வேறு சிலர் சொந்த ஊரைவிட்டு மற்றொரு மாவட்டத்தில் குடியிருக்குமாறு ஆணையிடப்பட்டனர். ஓர் ஊரின் தொல்லை இன்னோர் ஊருக்கு இடம்பெயர்ந்தது என்பதைத் தவிர இதனால் விளைந்த பயன் யாது என்று கேட்கத் தோன்றுகின்றது.

இதனினும் பெரிய கேடு காவல் பணிக்கே நேர்ந்தது எனலாம். சாட்சியமின்றியே ஒருவரை அடைத்து வைக்க வழியிருக்கும்போது, தடயங்களைத் திரட்டி வழக்கை நிலைநாட்டும் திறன் வளர்வதற்கான தேவை குறைந்துவிடுகின்றது. காவல் துறையை ஆராய்ந்து 2005இல் 125 பரிந்துரைகளை முன்வைத்த அரச விசாரணை ஆணையமும் இச்சட்டத்தை நீக்கவே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 2011 இறுதியில் அவசரகாலப் பிரகடனங்களை நீக்க முடிவெடுத்தது; அரசியலமைப்பின் 150ஆம் விதிப்படி ஆறு மாதங்களில் இச்சட்டமும் காலாவதியாயிற்று.

ஆயினும், 2013இல் துப்பாக்கிச்சூடுகள் மிகுந்தபோது, விடுவிக்கப்பட்ட கைதிகளே அதற்குக் காரணமெனக் காவல் துறை கூறிற்று. அதே ஆண்டில் 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அமைச்சரின் இடத்தில் வாரியம் வந்தது. நீதிமன்ற விசாரணையற்ற ஈராண்டுக் காவல் மீண்டது.

இத்தகைய சட்டங்களைக் குடியிருப்பாளர் பலர் வரவேற்பதையும் மறுப்பதற்கில்லை. கும்பலுக்கெதிராகச் சாட்சி சொன்னவர் மறுநாளும் அதே மாடிப்படியில் அக்கும்பலைச் சந்திக்க வேண்டியுள்ளது. அவ்வச்சம் மெய்யானது. அதனைப் போக்குவதற்கென்றே 2009ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சாட்சியை வேறிடத்தில் குடியமர்த்தவும், அவருக்குப் புதிய அடையாளம் வழங்கவும் அதில் இடமுண்டு. தடுப்புக் காவல் பற்றி இத்தனை பேசும் நாம், அச்சட்டம் குறித்துப் பேசுவது மிக அரிது.