எவ்வளவு இறுக்கினால் போதும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பழைய ஆயிலை ஒரு பேசினில் வடித்தாயிற்று. டிரெயின் போல்ட்டைத் திரும்பப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினேன். இறுகியது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னும் ஓர் அழுத்து. பிறகு இன்னொன்று. மூன்றாவது அழுத்தில் ஸ்பேனர் சட்டென்று இலகுவாகிவிட்டது. போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், அதன் மரைகளுக்கு நடுவில் வெள்ளிச் சரிகைபோல ஒரு சுருள் அலுமினியம். அது இன்ஜினின் மரை.

லேத் பட்டறை அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். “கழலக் கூடாதுன்னு இறுக்குனீங்க. இப்ப இறுக்கவே முடியாம ஆக்கிட்டீங்களே தம்பி!”

ஆயில் மாற்றுவது, பிளக் பார்ப்பது, செயின் சரிசெய்வது, பிரேக் பேட் மாற்றுவது என்று வண்டி வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். எதைக் கழற்றுவது, எந்த சைஸ் ஸ்பேனர் போடுவது என்று சொல்லித்தர ஆள் கிடைக்கிறது. எவ்வளவு இறுக்குவது என்று கேட்டால் மட்டும் ‘நல்லா டைட்டா’ என்பதுதான் பதில். அந்த ‘நல்லா’வுக்குள் ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது.

போல்ட் ஒரு ஸ்பிரிங்

போல்ட்டை இறுக்கும்போது என்ன நடக்கிறது? அது நீள்கிறது. எஃகுக் கம்பி நீளுமா என்று தோன்றலாம். நீளும். இழுக்கும் விசைக்கு ஏற்பப் பொருள் நீள்கிறது என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிடி. போல்ட்டின் வேலை ஆணியைப் போன்றது அல்ல. இழுத்துக் கட்டிய ரப்பரைப் போன்றது.

கணக்கைப் பார்ப்போம். பைக்கில் அதிகம் தென்படுவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட். சாதாரணத் தரத்தில் இதை இறுக்க ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற திருகல் அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருகல் போல்ட்டுக்குள் உண்டாக்கும் இழுவிசை ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமம். சுண்டு விரலைவிட மெல்லிய கம்பி ஒரு சிறிய காரின் எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இந்த இழுப்பில் 30 மி.மீ. நீளப் போல்ட் நீள்வது சுமார் 0.06 மி.மீ.தான். ஒரு தலைமுடியின் தடிமன். இந்த அளவுவரை அது ஸ்பிரிங், விட்டால் திரும்பிவிடும். மீட்சி எல்லையைத் தாண்டினால் சூயிங்கம்போல நீண்டு, திரும்பாமல் நின்றுவிடும். இறுக்கும்போது திடீரென்று ‘இலகுவாகிறதே’ என்று கைக்குத் தெரியும் அந்தக் கணம், போல்ட்டோ மரையோ அந்த எல்லையைத் தாண்டிய கணம். அதற்குப் பிறகு நிறுத்தினாலும் பயனில்லை.

ஸ்பேனர்கள் சைஸுக்கு ஏற்ப நீளம் மாறுவதற்கும் இதுவே காரணம். 6 மி.மீ. போல்ட்டுக்கான பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒரு சாண்கூட இருக்காது. அதன் நுனியில் எட்டு, ஒன்பது கிலோ அழுத்தம் கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதே போல்ட்டுக்குக் கால் மீட்டர் நீள ராட்செட்டைப் போட்டால் நான்கு கிலோவே போதும். கைக்குப் பழகிய அழுத்தத்தைக் கொடுத்தால் இரண்டு மடங்கு இறுகிவிடும். நீளக் கைப்பிடி வேலையைச் சுலபமாக்குகிறது. மரையை உரிப்பதையும் சேர்த்துத்தான்.

பலமெல்லாம் உராய்வுக்கு

ஸ்பேனரில் நாம் கொடுக்கும் திருகலில் ஏறத்தாழ பாதி, போல்ட்டின் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வுக்கு. மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. ஆகவே உராய்வில் சின்ன மாற்றம் வந்தாலும் பிடியில் பெரிய மாற்றம் வரும்.

துருப்பிடித்த போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாலும் அது துருவோடு மல்லுக்கட்டியதுதான்; பிடி குறைவாகவே இருக்கும். மாறாக, மரையில் ஆயில் தடவிவிட்டு அதே திருகலைக் கொடுத்தால் இழுவிசை 30 சதவீதம்வரைகூடக் கூடிவிடலாம். சர்வீஸ் மேனுவலில் ஒரு போல்ட்டுக்கு ஆயில் தடவச் சொல்லியிருந்தால் மட்டுமே தடவ வேண்டும். சொல்லாத இடத்தில் மரையைத் துணியால் துடைத்து, உலர வைத்து மாட்டுவதே சரி.

மரை கழல்வது ஏன்?

புத்தி தடுமாறியவனை ‘மரை கழன்றவன்’ என்கிறோம். உண்மையான மரை தானாகக் கழல்வது எப்படி?

மரை என்பது போல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஏறும் மலைப்பாதை. 6 மி.மீ. போல்ட்டில் அந்தப் பாதையின் சரிவு மூன்றரை டிகிரிக்கும் குறைவு. இவ்வளவு சாதுவான சரிவில் உராய்வு நட்டை நிறுத்தி வைக்கிறது. ஒரு பலகையைச் சற்றே சாய்த்து அதன்மேல் தீப்பெட்டியை வையுங்கள். நகராது. இப்போது பலகையைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டுங்கள். பெட்டி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பக்கவாட்டில் வழுக்கும் பொருளுக்குக் கீழ்நோக்கிய பிடிமானமும் போய்விடுகிறது. போல்ட்டிலும் இதுவே நடக்கிறது என்று கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969இல் சோதித்துக் காட்டினார். பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வழுக்கினால், போல்ட் தானே திரும்பிக் கழல்கிறது. அவர் வழியில் வந்த சோதனைக் கருவிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது அனுபவப் பாடம். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் 350 சிசி இன்ஜின் ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும். ஒற்றைப் பிஸ்டனின் மேல்கீழ் ஆட்டத்தைக் கிராங்க்கில் உள்ள எதிர் எடை முழுக்கச் சரிக்கட்ட முடியாது. மேல்கீழ் ஆட்டத்தை முற்றிலும் ஒழித்தால் அது முன்பின் ஆட்டமாக மாறிவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 அதிர்வு. ஒரு மணி நேரப் பயணத்தில் 1,80,000. அந்த நிறுவனம் தன் புதிய 350 சிசி இன்ஜினில் அதிர்வைத் தணிக்கத் தனி பேலன்ஸர் ஷாஃப்ட்டையே சேர்த்தது.

பழைய புல்லட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதன் பல போல்ட்டுகள் பிரிட்டிஷ் அளவுகளில் வந்தவை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. பொருந்துவதுபோல் தோன்றும் மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டால் போல்ட் தலை உருண்டுவிடும். நட்டை மாற்றிப் போட்டால் மரையே போய்விடும்.

கழலாமல் இருக்க என்ன வழி? முதல் மருந்து, போதுமான இழுப்பு. பாகங்கள் வழுக்காத அளவுக்குப் பிடி இருந்தால் கழலும் பேச்சே இல்லை. நம்பர் பிளேட் போல்ட் அடிக்கடி விழுவதைக் கவனித்திருப்பீர்கள். மெல்லிய தகட்டைப் பிடிக்கும் குட்டைப் போல்ட் நீள்வது மயிரிழையிலும் சிறு பங்கு. அடியில் உள்ள பெயின்ட் கொஞ்சம் நசுங்கினாலே அந்த நீட்சி தீர்ந்துவிடும். அங்கே இறுக்கிப் பயனில்லை. நைலான் வளையம் வைத்த நட்டுதான் சரி.

நாம் நம்பி மாட்டும் ஸ்பிரிங் வாஷர்? இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதாரண வாஷர்போல ஆகிவிடுகிறது, கழலாமல் காப்பதில் பயனில்லை என்று 1990இல் நாசா வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடே சொல்லிவிட்டது. அதைவிட மேலானது திரெட்லாக்கர் பசை. 1953இல் வெர்னான் க்ரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் இதை உருவாக்கினார். காற்று இருக்கும்வரை திரவமாக இருக்கும். காற்றில்லாமல் உலோகத்துக்கிடையே சிக்கினால் கெட்டியாகும். பாட்டிலைப் பாதி காலியாக விற்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் அந்தக் காற்றுதான் பசையைக் கெடாமல் காக்கிறது. வீட்டு வேலைக்கு நீல நிறம் போதும். சிவப்பைப் போட்டால் பிறகு கழற்ற நெருப்பு வைக்க வேண்டியிருக்கும்.

சூடும் அலுமினியமும்

இன்ஜின் உடல் அலுமினியம், போல்ட் எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 30 மி.மீ. தடிமனுள்ள பாகம் 100 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.03 மி.மீ. நாம் இறுக்கி வரவழைத்த மொத்த நீட்சியே 0.06 என்பதை நினைவில் வையுங்கள். எல்லைவரை இறுக்கிய போல்ட்டை, ஓடும் இன்ஜின் தன் பங்குக்கு மேலும் இழுக்கிறது.

அதனால் மேனுவலில் தரும் அளவுகள் ஆறிய இன்ஜினுக்கானவை. ஸ்பார்க் பிளக்கைச் சூடாக இருக்கும்போது கழற்றவே கூடாது. அலுமினிய மரையும் சேர்ந்து வந்துவிடும். ஆயில் வடிக்க மட்டும் வெதுவெதுப்பு வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும்.

தளர்வுக்கும் ஓர் அளவு

இறுக்கும் மோகத்தில் அதிகம் அடிபடுவது செயின். தொங்கும் செயினைப் பார்த்தால் இழுத்துக் கட்டத்தான் கை போகும். ஆனால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு புள்ளியிலும், முன் ஸ்ப்ராக்கெட் வேறொரு புள்ளியிலும் சுழல்கின்றன. ஆள் உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கி, இந்த இரண்டும் பின் ஆக்சிலும் நேர்க்கோட்டுக்கு வரும்போது செயின் உச்சமாக இழுபடும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்த செயின், அந்த நேரத்தில் கியர் பாக்ஸ் பேரிங்கையே இழுக்கும். பெரும்பாலான சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, மிக விறைப்பான இடத்தில் இந்த அளவை வையுங்கள். வால்வு இடைவெளி, கிளட்ச் கேபிள் ஆட்டம் ஆகியவற்றுக்கும் இதே நியாயம்தான். அந்தத் தளர்வு பழுதல்ல; சூட்டுக்கும் அசைவுக்கும் விட்டுவைத்த இடம்.

வீட்டுப் பட்டறைக்கு

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ கருவி வாங்கப் போனால் 120 துண்டு சாக்கெட் செட்டுதான் கண்ணைப் பறிக்கும். அந்தப் பணத்தில் சிறிய செட் ஒன்றையும், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றையும் வாங்குங்கள். 5 முதல் 25 நியூட்டன் மீட்டர்வரை அளக்கும் சிறியது முதலில். சக்கர ஆக்சில்களுக்குப் பெரியது பிறகு. பெரியதை வைத்துச் சிறு போல்ட்டை இறுக்கக் கூடாது. அளவின் அடிக்கோடியில் அது நம்பத்தக்கது அல்ல. வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

எந்தப் போல்ட்டையும் முதலில் விரலால் மாட்டுங்கள். முன்பக்கம் திருகுமுன் பின்பக்கமாக மெல்லத் திருப்பினால், மரை மரையில் விழும் ‘டிக்’ விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முன்னால் திருகினால் மரை கோணலாக ஏறாது. மூடிகளின் போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்; கேஸ்கெட் சமமாக அமுங்கும். டிரெயின் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். செம்பு வாஷர் என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் மென்மையாகிவிடும். ஒருமுறை நசுங்கிக் கடினமான செம்பு கசிவை அடைக்காது. கசிவதைப் பார்த்துத்தான் நாம் மேலும் மேலும் இறுக்குகிறோம்.

என் இன்ஜினில் லேத் பட்டறை அண்ணன் பெரிய துளையிட்டு, எஃகுச் சுருள் மரை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை. என் வண்டிக்கான எல்லா முறுக்குவிசை அளவுகளையும் மேனுவலிலிருந்து ஓர் அட்டையில் எழுதிக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கும் அப்படி ஓர் அட்டை எழுதுங்கள். அது இல்லாமல் பிரேக் காலிப்பரையும் சக்கர ஆக்சிலையும் தொடாதீர்கள். அதுவரை அந்த இரண்டையும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.