ஓவியம் இல்லாத குடானி

ஜப்பானின் இஷிகாவா மாகாணத்துக் குடானி பீங்கான் என்றாலே பூவும் பறவையும் மலையும் தீட்டிய தட்டுகள்தான் நினைவுக்கு வரும். அந்த மரபில் வந்த மூன்றாம் டொகுடா யாசோகிச்சியின் (1933–2009) தட்டுகளிலும் சாடிகளிலும் ஓர் இலைகூடக் கிடையாது. நடுவே மஞ்சள், அது மெல்லப் பச்சையாகி, நீலமாகி, விளிம்பில் கருநீலமாக இறுகும். அவ்வளவுதான். ஆனாலும் 1997இல் ஜப்பான் அரசு வண்ணப் பூச்சுப் பீங்கான் கலைக்காக அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. மரபைக் கைவிட்டவருக்கு இந்தப் பட்டமா என்று கேட்கத் தோன்றும். அவர் அதைக் கைவிடவே இல்லை என்பேன்.

பீங்கான்மேல் பூசும் பூச்சு பொடித்த கண்ணாடிதான். அதில் சேரும் உலோகமே நிறம் தருகிறது. தாமிரம் பச்சை, இரும்பு மஞ்சள், மாங்கனீசு ஊதா, கோபால்ட் நீலம். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதே குடும்பச் சொத்து. பழைய குடானி நிறங்களை மீட்டெடுக்க உழைத்த தாத்தா முதலாம் யாசோகிச்சியிடம் பேரன் அதைக் கற்றார். பிறகு அளவுகளைச் சிறிது சிறிதாக மாற்றி, இரண்டு நிறங்களுக்கு நடுவே எண்ணற்ற சாயல்களை உண்டாக்கினார். குடானி வண்ணங்களை வழக்கமாக ஏறத்தாழ 800 டிகிரியில் சுடுவார்கள். அவர் 1,000 டிகிரியையும் தாண்டினார். அந்தச் சூட்டில் அடுத்தடுத்த பூச்சுகள் உருகி ஒன்றில் ஒன்று கரைந்தன. சிவப்பை மட்டும் ஒதுக்கினார். குடானிச் சிவப்பு ஒளி புகாதது, மற்றவைபோல் கண்ணாடியாக உருகாது.

ஓவியம்தானே குடானி என்பவர்கள், பழைய குடானியிலேயே 'ஆவோட்டே' வகையைப் பார்க்க வேண்டும். வெள்ளை தெரியாதபடி பச்சை, மஞ்சள், ஊதா, நீலத்தால் தட்டு முழுவதும் நிரப்பிய வகை அது. அங்கேயும் சிவப்பு இல்லை. அதில் ஏற்கெனவே பாதி வேலையை வண்ணம்தான் செய்கிறது. யாசோகிச்சி மீதியையும் அதனிடம் ஒப்படைத்தார். இதெல்லாம் சூளையின் தயவு, கலைஞனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கும் வலு இல்லை. ஒவ்வொரு சாயலும் முன்னதாகவே கலந்து, வரிசை பிசகாமல் கையால் பூசப்பட்டது. நெருப்பு அழித்தது அவற்றின் எல்லைக்கோடுகளை மட்டுமே. அவருக்குப் பின் நான்காம் யாசோகிச்சி என்று பெயரேற்ற மகளும், வீட்டில் வழிவழியாக வந்த அந்தப் பூச்சுகளிலிருந்தே தன் நிறங்களை உருவாக்குகிறார்.