கினிப்பன்றி கத்துவது பசியிலா, சிறுநீர்க் கல்லாலா?

கினிப்பன்றி 'கீச்'னு கத்தினா பசிக்குதுன்னு கீரையை நீட்டுவோம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் முதுகை வளைத்துக் கத்தினால் அது பசி அல்ல, வலி.

சிறுநீர் கலங்கலாக இருப்பதும், காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் இயல்புதான். உணவில் மிஞ்சும் கால்சியத்தை இந்தப் பிராணி சிறுநீர் வழியாகத்தான் அதிகம் வெளியேற்றும். அதுவே மணல் மாதிரி நறநறவென்று வந்தால் உஷார். பையில் கல் சேரத் தொடங்கியிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

சிவப்பாகப் போனால்? பீட்ரூட் தின்றதா என்று யோசியுங்கள். இல்லையென்றால் ரத்தமாக இருக்கலாம். பெட்டைக்குக் கருப்பைக் கோளாறாலும் ரத்தம் வரும். அடிவயிறு எப்போதும் ஈரமாக இருப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாம் அறிகுறிகளே. முக்கியும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்குச் சாதாரணமான அந்த மருந்து, கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே பறித்துவிடும். குத்துக்கல்வலசை, தென்காசி பக்கம் ஆடு மாடு பார்க்கும் டாக்டர்தான் கிடைக்கிறார் என்றால், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நம்ம ஊரில் சுலபமாகக் கிடைக்கும் அகத்தி, முருங்கை இரண்டிலும் கால்சியம் அதிகம். தினமும் வேண்டாம். அருகம்புல்லும் காய்ந்த புல்லும் தாராளமாகப் போடலாம். வைட்டமின் சி இதன் உடலில் தானாக உற்பத்தியாகாது. அதற்கு ஒரு துண்டு குடைமிளகாய். தண்ணீர் பாட்டிலின் முனை அடைத்திருக்கிறதா என்று தினமும் ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்கள்.