நாய்க்கு நடுகல், ஏரி இல்லாத 'லேக் வியூ ரோடு'... உங்க ஊர் வரலாற்றை வீக்கெண்டில் தேட 4 வழிகள்!

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. அதில் வீரனுடன் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்று கல்வெட்டே சொல்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இது. அதாவது, சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய செல்லப் பிராணியின் பெயர் இன்றும் நமக்குத் தெரியும்!

வரலாறு என்றாலே தஞ்சை, மாமல்லபுரம் என டூர் பிளான் போடத் தேவையில்லை. "நம்ம ஊர்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்த 4 ஆக்டிவிட்டிகள். ஒரு செல்போனும் அரை நாள் லீவும் போதும்.

1. ஊர்ப் பெயரை உடைத்துப் பாருங்க

'பட்டினம்' என்றால் கடற்கரை ஊர். 'பேட்டை' என்றால் பெரும்பாலும் சந்தை, வணிகம். 'பாளையம்' என்றால் படை தங்கிய இடம். ஆனால், எல்லாமே பழைய கதை இல்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது 'குரோம் லெதர்' என்ற தோல் தொழிற்சாலை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பல்லாவரம், 'பல்லவபுரம்' என்பதிலிருந்து வந்தது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர், கற்கால மனிதர்களின் கல் கருவியை இதே பல்லாவரத்தில்தான் கண்டெடுத்தார். தினமும் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்!

ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கு ஒரு ஊர் எடுத்துக்கொண்டு, பெயர்க் காரணத்தைத் தேடி வந்து சொல்வதையே ஒரு கேம் ஆக்கலாம்.

2. காணாமல் போன ஏரியைக் கண்டுபிடிங்க

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உண்டு, ஏரிதான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது, நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். உங்கள் ஏரியாவிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். தாத்தா, பாட்டியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இப்போ பஸ் ஸ்டாண்ட் இருக்குற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" பதிலை வாய்ஸ் ரெக்கார்டு செய்து, அந்த இடங்களை மேப்பில் குறித்து வையுங்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்கும் அந்த மேப்பில் விடை கிடைக்கலாம்.

3. நடுகல் வேட்டை

கால்நடைகளை மீட்கவும், ஊரைக் காக்கவும் போரிட்டு இறந்தவர்களுக்கு வைக்கப்பட்டவை நடுகற்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்துகளே இருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் பல நடுகற்களை 'வேடியப்பன்' என்று இன்றும் கும்பிடுகிறார்கள். ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் இருக்கும் சாமிக் கற்களை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு மட்டும் போட்டோ எடுங்கள்.

4. டார்ச் அடித்து கல்வெட்டு படிங்க

தேய்ந்த கல்வெட்டு கண்ணுக்குத் தெரியவில்லையா? செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல், சுவரை ஒட்டி பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து, வரிகள் தெளிவாகும். முதல் முயற்சிக்கு உத்திரமேரூர் நல்ல சாய்ஸ். குடவோலை முறையில் யாரெல்லாம் போட்டியிடலாம் என்ற விதிகளே அங்கே கல்லில் இருக்கின்றன. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ் என்பது அதில் ஒன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை இவை. வீட்டில் குழந்தைகள் இருந்தால், தமிழ்ப் பிராமியில் அவரவர் பெயரை எழுத வைக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க!

* கல்வெட்டில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் தடவக் கூடாது.
* பழைய காசோ, வேறு பொருளோ கிடைத்தால் பையில் போடாதீர்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.
* மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தில் பெயர் கிறுக்கினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

சரி, இதெல்லாம் எதுக்கு?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். தமிழ்ப் பிராமி கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உள்ள ஊர். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும், 2024-ல் ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கப் பகுதிக்குள் அந்த ஊரும் வந்தது. மக்கள் போராடினார்கள். விவசாயம், நீர்நிலைகளோடு தங்கள் மலையின் தொன்மையையும் காரணமாகச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஊருக்கு அப்படி ஒரு கேள்வி வந்தால், என்ன இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ரவுண்டு போய் வாங்க!